லீக்க கண்டுபிடிக்காம கேஸ் போடாதீங்க: ஏசி கம்பெனிகளுக்கு கொட்டிவாக்கத்துலேந்து ஒரு திறந்த மடல்

ஏசி செஞ்சு விக்கிற கம்பெனிகளுக்கும் அவங்க பேர்ல சர்வீஸ் சென்டர் நடத்துறவங்களுக்கும் வணக்கம்.

நாங்க சென்னைல கொட்டிவாக்கத்துல குடியிருக்கோம், வாடகை ஃப்ளாட். வீட்டுல ரெண்டு ஏசி, ஒண்ணு அம்மா ரூம்ல, இன்னொண்ணு எங்க ரூம்ல. ரெண்டும் ஒன்றரை டன் ஸ்பிளிட், ரெண்டும் இன்வெர்ட்டர். எந்த கம்பெனின்னு இங்க சொல்லப் போறதில்ல, ஏன்னா எங்க அப்பார்ட்மென்ட்ல எந்த பிராண்டு வாங்குனவங்கள கேட்டாலும் இதே கதையத்தான் சொல்றாங்க. உங்க எல்லார்கிட்டயும் நான் கேட்க வந்தது ஒண்ணே ஒண்ணு. லீக் எங்கன்னு பாக்காம ஏசிக்குள்ள கூலிங் கேஸ், அதான் அந்த குளிரூட்டுற வாயு, அத போட்டு காசு வாங்குறத நிறுத்துங்க.

மார்ச் கடைசி ஏப்ரல்னு வந்தா போதும், எங்க தெருவுல தினம் யார் வீட்டு வாசல்லயாவது டூல் பேகோட ஒரு பையன் நிப்பாரு. ஆறு மாசம் தூங்குன ஏசிய ஆன் பண்ணிருப்பாங்க, காத்து வரும், கூலிங் வராது. கம்ப்ளைண்ட் பண்ணா ஆள் வர்றதுக்கு நாலஞ்சு நாள் ஆகும், கத்திரில இன்னும் லேட்டு. வந்தவரு பிரஷர் அளக்குற கேஜ மாட்டிப் பாப்பாரு, "கேஸ் கம்மியா இருக்கு சார், போட்டா சரியாயிடும்" அப்டின்னுவாரு. மூவாயிரம், மூவாயிரத்து ஐநூறுன்னு ஒரு தொகை சொல்லுவாங்க, வெயில் அடிக்குது, வீட்டுல வயசானவங்க இருக்காங்க, யாரு பேரம் பேசிட்டு நிப்பா, சரி போடுங்கன்னு சொல்லிடுவோம். அன்னிக்கு ராத்திரி ரூம் ஜில்லுனு இருக்கும். அடுத்த வருஷம் அதே மாசம் அதே வசனம்.

ஏசிக்குள்ள இருக்குற கேஸ் ஓட ஓட குறையுற பொருளே கிடையாது. கேஸ அமுக்குற கம்ப்ரஸர், சூட்ட வெளிய விடுற கண்டென்சர், பிரஷர எறக்குற கேப்பிலரி இல்லன்னா எக்ஸ்பான்ஷன் வால்வு, ரூம குளுர வெக்கிற கூலிங் காயில், திரும்ப கம்ப்ரஸர்னு மூடுன பைப்புக்குள்ளேயே சுத்திச் சுத்தி வர்றது அது. உள்ள வேல செய்யும், வெளிய போகாது. இதே முறையிலதான் சமையக்கட்டுல ஃப்ரிட்ஜ் ஓடுது, பத்து பதினஞ்சு வருஷம் ராத்திரி பகலா ஓடுது, அதுக்கு வருஷா வருஷம் கேஸ் போட்டதா யாராவது கேள்விப்பட்டிருக்கீங்களா? ஆக ஏசில கேஸ் கம்மின்னு சொன்னா எங்கேயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம், இது உங்க ஆளுங்களுக்குத் தெரியும், உங்களுக்கு இன்னும் நல்லாத் தெரியும். பஞ்சரான டியூப்ல காத்த மட்டும் அடிச்சு அனுப்புற சைக்கிள் கடைக்காரர்கிட்ட நாம மறுபடி போவோமா? ஆனா உங்ககிட்ட வந்துதான் ஆகணும், வேற வழி இல்லாம வர்றோம்.

எங்க அம்மா ரூம் ஏசிக்கு நடந்தத மட்டும் சொல்றேன். வாரண்டி முடிஞ்ச அடுத்த சம்மர்ல கேஸ் போட்டாங்க, அதுக்கு அடுத்த சம்மருக்குள்ள அது காலி, மறுபடி போட்டாங்க. ரெண்டு தடவையும் வந்தது உங்கள மாதிரி ஒரு கம்பெனியோட அங்கீகாரம் பெத்த சர்வீஸ்தான். பில்லுல "கேஸ் சார்ஜிங் 1" அப்டின்னு ஒரு வரி, பக்கத்துல தொகை, ஜிஎஸ்டி. எத்தன கிராம் போட்டாங்கன்னு எங்கேயும் இல்ல. மெஷினோட பக்கவாட்டுல ஒட்டியிருக்குற பிளேட்ல கேஸ் வகை ஆர்-32, அளவு 820 கிராம்னு தெளிவா அச்சடிச்சிருக்கு, ஆனா வந்தவர்கிட்ட எடை போடுற தராசே கிடையாது. கேஸ் போடுறதுக்கு முன்னாடி பைப்புல இருக்குற காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்குற வாக்குவம் பம்ப்பும் கிடையாது. சிலிண்டர கவுத்துப் புடிச்சு கேஜ் முள்ளப் பாத்துட்டு போதும்னு மூடிட்டாரு. பழைய கேஸான ஆர்-22 காலத்துலேந்து பழகுன கை அளவு அது, ஆர்-32 மாதிரி பிரஷர் ஜாஸ்தியா இருக்குற கேஸுக்கு, அதுவும் கம்ப்ரஸர் வேகம் மாறிக்கிட்டே இருக்குற இன்வெர்ட்டர் மெஷினுக்கு, முள்ளப் பாத்து அளக்குறது சரி வராதுன்னு உங்க டிரெய்னிங்லயே சொல்லிக் குடுப்பீங்கன்னு நம்புறேன்.

மூணாவது சம்மர்ல, கம்பெனிக்கு வெளிய, பக்கத்து தெருவுல கடை வெச்சிருக்குற ஒரு மெக்கானிக் அண்ணன கூப்பிட்டோம். அவரு கேஜ எடுக்குறதுக்கு முன்னாடி இன்டோர் யூனிட்டோட மூடிய கழட்டி டார்ச் அடிச்சு ஓரத்துல இருக்குற காப்பர் வளைவுகள ஒண்ணொண்ணா பாத்தாரு. ஒரு வளைவு மேல மட்டும் தூசி எண்ணெய் பிசுக்கா ஒட்டியிருந்துச்சு, சுத்தி கரும்பச்சையா கறை. "கேஸ் வெளிய போறப்ப கம்ப்ரஸர் ஆயிலும் கூடவே கசியும்மா, எங்க பிசுபிசுப்பு இருக்கோ அங்கதான் பாக்கணும்" அப்டின்னாரு. அப்புறம் நைட்ரஜன ஏத்தி சோப்பு நுரை தடவுனாரு, அந்த இடத்துல கடுகு அளவுக்கு முட்டை முட்டையா வந்துச்சு. அம்மா கட்டில்ல உக்காந்து பாத்துட்டு "இதுக்கா ரெண்டு வருஷமா காசு குடுத்தோம்"னு கேட்டாங்க. கண்ணுக்கு முன்னாடி வர்ற நுரைய பாக்குறதுக்கு ஒரு மணி நேரம் கூட ஆகல. இந்த ஒரு மணி நேரத்த உங்க ஆள் ஏன் மொத தடவையே செலவு பண்ணல, அதுதான் என் கேள்வி.

இப்ப இந்த ஊரப் பத்தி சொல்றேன், ஏன்னா நீங்க மெஷின் டிசைன் பண்ற இடத்துல இந்த ஊர யாரும் நினைச்சுப் பாத்த மாதிரி தெரியல. கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை எல்லாம் ஒரு பக்கம் வங்காள விரிகுடா, இன்னொரு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய், நடுவுல ஒரு பட்டை மாதிரி கிடக்குற நிலம். மத்தியானத்துக்கு மேல கடக்காத்து வீசுனா உடம்புக்கு சுகம், ஆனா அந்த காத்துல உப்பும் ஈரமும் சேந்தே வருது. அவுட்டோர் யூனிட்ல காப்பர் பைப்பும் அலுமினியம் தகடும் ஒட்டிக்கிட்டு இருக்கு, ரெண்டு வேற வேற உலோகம் உப்புத் தண்ணில நனைஞ்சு இருந்தா அலுமினியம்தான் மொதல்ல அரிக்கும், இது ஸ்கூல் கெமிஸ்ட்ரி. எங்க மொட்டை மாடில போயி பாருங்க, கடல் பக்கம் பாத்து வெச்ச அவுட்டோர்ல தகட விரலால தொட்டாலே வெள்ளைப் பொடியா உதிரும். தகடு போனா சூடு வெளிய போகாது, சூடு போகலன்னா கம்ப்ரஸர் திணறும்.

கால்வாய் பக்கம் இன்னும் மோசம். தேங்குன சாக்கடைலேந்து வர்ற ஹைட்ரஜன் சல்பைடு, அதான் அந்த அழுகுன முட்ட நாத்தம், காப்பர கறுக்க வெச்சு அரிச்சிடும். கால்வாய் ஓரம் குடியிருக்குறவங்க வீட்டுல வெள்ளிக் கொலுசும் குத்துவிளக்கும் எவ்ளோ சீக்கிரம் கறுக்குதுன்னு கேட்டுப் பாருங்க. வெள்ளிய கறுக்க வெக்கிற அதே காத்துதான் இன்டோர் காயில் மேலயும் ராத்திரி பூரா படுது, அதுவும் அந்த காயில் எப்பவும் ஈரமா இருக்கு. இது பத்தாதுன்னு புது ஃப்ளாட்டுல பிளைவுட், பெயிண்ட், கம் இதுலேந்தெல்லாம் வர்ற ஃபார்மிக் ஆசிட், அசிட்டிக் ஆசிட் ஆவியும் ஈரத்தோட சேந்து காப்பர்ல மெல்லிசா வளைஞ்சு வளைஞ்சு பொந்து போடும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. இதெல்லாம் உங்க ரிசர்ச் ஆளுங்களுக்கு பல வருஷமா தெரிஞ்ச சங்கதிதான்.

தெரியும்ங்கறதுக்கு அத்தாட்சி எங்க வாரண்டி கார்டுலயே இருக்கு. பொடி எழுத்துல, கடலோர உப்புக்காத்து, ரசாயன வாயு இதுனால வர்ற பழுதுக்கு வாரண்டி செல்லாதுன்னு போட்டிருக்கு. ஷோரூம் ஈசிஆர்ல, அதான் கிழக்கு கடற்கரை சாலைல இருக்கு, டெலிவரி அட்ரஸ் ஈசிஆர்ல இருக்கு, இன்ஸ்டால் பண்ண வந்தவரு ஜன்னல்லேந்து கடல பாத்து நல்ல வியூன்னு சொல்லிட்டு போனாரு. விக்கிறப்ப கடல் தெரியல, காயில் ஓட்டையானா மட்டும் கடல் தெரியுதுன்னா அது நியாயமே இல்ல. சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடின்னு இந்த கரை முழுக்க நீங்க விக்கிறீங்க. ஒண்ணு இந்த ஊருக்கு தாங்குற காயில் குடுங்க, இல்ல விக்கிறதுக்கு முன்னாடியே இது இங்க இத்தன வருஷம்தான் தாங்கும்னு பெரிய எழுத்துல எழுதிக் குடுங்க.

அலுமினியம் காயில் போட்ட மெஷின்ல இன்னொரு பிரச்சனை, ஓட்டை விழுந்தா அத இடத்துலயே பத்த வெச்சு அடைக்க நிறைய மெக்கானிக் ஒத்துக்க மாட்டாங்க, மொத்தமா மாத்துன்னு சொல்லிடுவாங்க, பத்தாயிரத்துக்கு மேல போகும். கடைல விக்கிறவரு "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, ப்ளூ கோட்டிங் இருக்கு"ன்னு சொல்லுவாரு. அரிக்காம இருக்க பூசுற அந்த கோட்டிங் இன்டோர்ல இருக்கா அவுட்டோர்ல இருக்கா, தகடு மேல மட்டுமா வளைவு மேலயுமா, கேட்டா அவருக்கே தெரியாது.

கேஸ் கம்மியா ஓடுற ஏசி கரண்ட எப்படி குடிக்குதுங்கறத பத்தி நீங்க பேசவே மாட்டேங்குறீங்க. இன்வெர்ட்டர் மெஷின்ல கொஞ்சம் கேஸ் போயிருந்தா உடனே தெரியாது, கம்ப்ரஸர் வேகத்த ஏத்தி ஏத்தி அத மறைச்சிடும், நமக்கு ரூம் என்னவோ குளுர்ற மாதிரிதான் இருக்கும். எங்க ஊருல வெறும் சூட்ட எறக்குனா பத்தாது, காத்துல இருக்குற ஈரத்தயும் புழியணும், வேர்வ காயாத ஊரு இது. அதனால மெஷின் பாதி உழைப்பு போதும்னு நிக்கவே நிக்காது, ராத்திரி பூரா முழு மூச்சுல ஓடும். இங்க கரண்ட் பில்லு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ, 500 யூனிட்ட தாண்டுனா கீழ இருக்குற யூனிட்டுக்கும் சேத்து ரேட்டு ஏறிடும். 480ல நிக்க வேண்டிய வீட்ட ஒரு கடுகளவு ஓட்டை 560க்கு தள்ளிடும். 5 ஸ்டாருன்னு லேபிள் ஒட்டி அதுக்கு கூடுதல் வெல வாங்குறீங்க, கேஸ் குறைஞ்ச மெஷின்ல அந்த ஸ்டாருக்கு என்ன அர்த்தம் இருக்கு.

இன்னும் ஜாஸ்தி போனா காயில்ல ஐஸ் கட்டும், தண்ணி உள்ள சொட்டும், கடைசில கம்ப்ரஸர்ல வந்து நிக்கும். கம்ப்ரஸர் சூடு தணியுறதே திரும்பி வர்ற குளுந்த கேஸாலதான், அது பத்தலன்னா எரிஞ்சு போயிடும். "கம்ப்ரஸருக்கு 10 வருஷ வாரண்டி" அப்டின்னு டிவில விளம்பரம் பண்றீங்க, ஆனா அந்த கம்ப்ரஸர கொல்றதே காயில் ஓட்டைதான், அந்த காயிலுக்கு நிறைய மாடல்ல ஒரு வருஷம்தான். அப்படியே கம்ப்ரஸர ஃப்ரீயா மாத்துனாலும் கேஸ் சார்ஜ் தனி, லேபர் தனி, வண்டி தனின்னு வாங்கிடுறீங்க.

ஏஎம்சி, அதான் வருஷ பராமரிப்பு ஒப்பந்தம், அதப் பத்தியும் சொல்லணும். வருஷத்துக்கு மூணு சர்வீஸ்னு சொல்லி எங்ககிட்ட காசு வாங்குனாங்க. மூணுல ரெண்டு வெறும் ஃபில்டர கழட்டி பாத்ரூம் குழாய்ல கழுவி மாட்டுறது, அத நாங்களே பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா பண்ணிக்கிறோம், பண்ணவும் வேணும். காம்ப்ரிஹென்சிவ், அதாவது எல்லாம் அடங்குனதுன்னு டபுள் காசுக்கு ஒண்ணு வெச்சிருக்கீங்க, அதோட விதிமுறைய உக்காந்து படிச்சா கேஸ் கவர் ஆகாது, பிளாஸ்டிக் பார்ட்ஸ் ஆகாது, அரிப்பால போன காயில் ஆகாது. ஈரப்பதம் உள்ள கடலோர ஊருல ஏசிக்கு வர்ற செலவே அதுதானே, அத விட்டுட்டு எதுக்கு காம்ப்ரிஹென்சிவ்னு பேரு? உண்மையிலயே இந்த ஊருக்கு தேவைப்படுறது சம்மருக்கு முன்னாடி ஒரு நல்ல வாட்டர் சர்வீஸ், இன்டோர் ப்ளோயர்ல அடைஞ்ச கறுப்புப் பாசியும் தண்ணி வடியுற டிரேல வழவழன்னு கட்டிக்கிட்டு இருக்குற சளி மாதிரி அழுக்கும் போற அளவுக்கு, அப்புறம் மழை முடிஞ்சு இன்னொண்ணு, அவுட்டோர் தகட நல்ல தண்ணியால மெதுவா கழுவி உப்ப எறக்குறது. ஏரியா மெக்கானிக் ஒரு மெஷினுக்கு ஐநூறு அறநூறுக்கு இத சுத்தமா பண்ணிக் குடுக்குறாரு.

உங்க டெக்னீஷியன் பசங்க மேல எனக்கு கோவம் இல்ல. எங்க மூணாவது மாடி சன்ஷேட் மேல பெல்ட் இல்லாம, ஜன்னல் கம்பிய ஒரு கையால புடிச்சிக்கிட்டு இன்னொரு கையால ஸ்பேனர் போடுறாரு ஒரு பையன், வயசு இருபத்தி ரெண்டு இருக்கும், வெயில் மண்டைய பொளக்குது. தண்ணி குடுத்தப்ப பேச்சுக் குடுத்தேன். ஒரு வீட்டுக்கு போற சர்வீஸ் கால் ஒண்ணுக்கு இவ்ளோன்னுதான் கூலி, சம்மர்ல ஒரு நாளைக்கு எட்டு பத்து கால் முடிக்கணும், லீக் டெஸ்ட்னு உக்காந்தா நாலு கால் போயிடும், அந்த காசு போயிடும்னு சொன்னாரு. நைட்ரஜன் சிலிண்டரும் வாக்குவம் பம்ப்பும் பைக்ல தூக்கிட்டு வர முடியாதுக்கா, ஆளும் தனி ஆளுதான்னாரு. இதுல ஆர்-32 லேசா தீப்புடிக்கக்கூடிய கேஸ் வேற, ஓட்டைய பத்த வெக்கிறப்ப உள்ள மிச்சம் இருந்தா ஆபத்து அவருக்குத்தான். லீக்க தேடுறதுக்கும் கூலி உண்டுன்னு நீங்க முடிவு பண்ணா அவரு தேடுவாரு. அந்த கூலிய எங்ககிட்ட தனியா வாங்கிக்கோங்க, சந்தோஷமா குடுக்குறோம், உருப்படியான வேலைக்கு காசு குடுக்க நாங்க என்னிக்கும் தயங்குனது இல்ல.

வெளிய போற கேஸ் என்ன ஆகுதுன்னும் யோசிங்க. ஆர்-32 ஒரு கிலோ காத்துல கலந்தா 675 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு சமம்னு கணக்கு, இன்னொரு ஏசி கேஸான ஆர்-410ஏன்னா 2088. இந்த மாதிரி கேஸ படிப்படியா குறைக்கணும்னு 2016ல ருவாண்டா நாட்டு கிகாலில உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டாங்க, 2021ல இந்தியாவும் அத ஏத்துக்கிச்சு. 2019ல மத்திய அரசு கொண்டு வந்த கூலிங் ஆக்‌ஷன் பிளான்ல ஒரு லட்சம் சர்வீஸ் டெக்னீஷியன்களுக்கு பயிற்சி, சான்றிதழ்னு எழுதியிருக்கு. அட்டைப் பெட்டி மேல பச்சை எல போட்டு சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு அச்சடிக்கிறீங்க, அதே கேஸ ஒரே ஓட்டை வழியா வருஷா வருஷம் காத்துல கொட்டுறீங்க.

2025 செப்டம்பர் 22லேந்து ஏசிக்கு ஜிஎஸ்டி 28லேந்து 18 சதவீதமா குறைஞ்சதும், பெரிசா சம்பளம் இல்லாதவங்க கூட துணிஞ்சு வாங்க ஆரம்பிச்சிருக்காங்க. எங்க வீட்டுல வேல செய்யுற அக்கா கூட இஎம்ஐல ஒரு டன் மெஷின் எடுத்திருக்காங்க, அவங்க பேரக்கொழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, ராத்திரி தூங்க மாட்டேங்குது. அவங்க வீடு கால்வாய ஒட்டித்தான் இருக்கு. மாச தவணைய கணக்குப் போட்டு வெச்சிருக்காங்க, கரண்ட் பில்லயும் ஓரளவு கணக்குப் போட்டிருக்காங்க. ரெண்டாவது வருஷம் மூவாயிரத்து ஐநூறு, மூணாவது வருஷம் மூவாயிரத்து ஐநூறு, அப்புறம் காயில் மாத்துன்னு பன்னெண்டாயிரம், இத யாரும் அவங்ககிட்ட சொல்லல. நான் இந்த மடல எழுத உக்காந்ததுக்கு அவங்கதான் பாதி காரணம்.

நாங்க கேக்குறது இதுதான். கேஸ் போட்டா எத்தன கிராம்னு பில்லுல எழுதணும், தராசு வெச்சு எடை போட்டு, எந்த இடத்துல லீக்குங்கறதையும் போட்டோவோட. லீக் கண்டுபிடிக்கலன்னா கேஸுக்கு காசு வாங்கக் கூடாது. அடைச்ச அதே இடம் ஒரு வருஷத்துக்குள்ள மறுபடி விட்டுச்சுன்னா கேஸும் வேலையும் உங்க செலவு. காயில் காப்பரா அலுமினியமா, கோட்டிங் எங்க எங்க இருக்குன்னு ஸ்டார் லேபிளுக்கு பக்கத்துலயே ஒட்டுங்க. கடலோர மாவட்டத்துல விக்கிற மெஷினுக்கு காயில் வாரண்டி அஞ்சு வருஷம், உப்புக்காத்து விதிவிலக்கு இல்லாம. சில கம்பெனிங்க இப்ப சில மாடலுக்கு அஞ்சு வருஷ முழு வாரண்டி குடுக்க ஆரம்பிச்சிருக்காங்க, அப்ப முடியாதுன்னு யாரும் சொல்ல முடியாது. காயில், பிசிபி (மெஷின கட்டுப்படுத்துற எலக்ட்ரானிக் போர்டு), ஃபேன் மோட்டார் வெல என்னன்னு மாடல் வாரியா வெளிய போடுங்க. பிசிபில பல்லி செத்துக் கெடந்தா கூட போர்டு மொத்தமா மாத்தணும்னு ஒருத்தர் ஏழாயிரம்ங்குறாரு, இன்னொருத்தர் பதினோராயிரம்ங்குறாரு, எத நம்புறது.

நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர்ல பழுது பாக்குற உரிமைக்குன்னே ஒரு போர்ட்டல் ஆரம்பிச்சது, அதுல வீட்டு உபயோகப் பொருளும் ஒரு பிரிவு. பில் குடுக்காம சர்வீஸ் பண்றது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். எங்க அப்பார்ட்மென்ட்காரங்க ஒரு நோட்டு போட்டிருக்கோம், எந்த ஃப்ளாட், எந்த மாடல், எப்ப கேஸ் போட்டாங்க, எவ்ளோ வாங்குனாங்க, கிராம் எழுதுனாங்களான்னு எல்லா பில்லோட நகலும் அதுல சேந்துக்கிட்டு இருக்கு. இந்த ஏப்ரலுக்கு அப்புறம் கிராமும் லீக் இடமும் இல்லாம வர்ற ஒவ்வொரு பில்லும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு புகாரா போகும், அங்க தீரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு போகும்.

இப்படிக்கு,
கொட்டிவாக்கத்துலேந்து ஒரு வாடிக்கையாளர்